ஒரு பைசா பாக்கி இல்லை

எங்கள் வீட்டுக்கு எந்தப் படிவம் வந்தாலும் நிரப்புவது நான்தான். ரேஷன் கார்டு, பாஸ்போர்ட், காஸ் இணைப்பு எதுவானாலும் என் கையெழுத்தில்தான் போகும். என் கணவர் நல்ல மனிதர். படிவத்தைக் கண்டால் மட்டும் பேனா தேடுகிற சாக்கில் மொட்டை மாடிக்குப் போய்விடுவார். திரும்பி வரும்போது கையில் துவைத்துக் காய்ந்த துணி இருக்கும், பேனா இருக்காது.

எனக்குக் கார்டன் ரீச் பக்கம், ஆற்றை ஒட்டிய ஒரு சின்ன வரைபட நிறுவனத்தில் வேலை. கப்பலுக்குள் ஓடும் குழாய்களை வரைகிறோம். எண்ணெய்க் குழாய், குடிநீர்க் குழாய், கழிவுநீர்க் குழாய். ஜாதவ்பூரில் இன்ஜினியரிங் படித்த நாளில் கப்பல் என்றால் கடலும் காற்றும் என்று நினைத்திருந்தேன். இருபது வருஷமாகக் கப்பலின் கழிவறைக்கு வழி சொல்லிக்கொண்டிருக்கிறேன். ஆனாலும் அந்த வேலை எனக்கு உயிர். ஒரு குழாய் இன்னொன்றின் மேல் முட்டாமல் சுவருக்குச் சுவர் வளைந்து போய்ச் சேரும்போது கிடைக்கிற நிம்மதி எனக்குப் பூஜை அறையில்கூடக் கிடைத்ததில்லை.

மூன்று வருஷத்துக்கு முன்னால், நிறுவனம் எல்லோரிடமும் ஒரு படிவம் கொடுத்தது. கடற்படைக்கான வேலை வரலாம், அதற்கு முன்னேற்பாடு என்றார்கள். சொத்து என்ன, வழக்கு உண்டா, வெளிநாட்டில் சொந்தம் உண்டா என்று வரிசையாகக் கேள்விகள். பதினோராவது கேள்வி: உங்களுக்கோ குடும்பத்தாருக்கோ கடன்கள் உண்டா?

மார்கழி மாதம். கணவர் சமையல்மேடை அருகே உட்கார்ந்து பச்சைப் பட்டாணி உரித்துக்கொண்டிருந்தார்.

"ஏங்க, நமக்குக் கடன் ஏதாவது இருக்கா?"

"கடனா? நமக்கா?" என்று சிரித்தார். "ஒண்ணுமில்லம்மா."

ஒரு பட்டாணி கீழே விழுந்து உருண்டது. அதை எடுக்கக் குனிந்தவர் வேண்டிய நேரத்தைவிடக் கொஞ்சம் அதிகமாகவே குனிந்திருந்தார். இது இப்போது ஞாபகம் வருகிறது. அன்று நான் அழகான எழுத்தில் 'இல்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

நாலு மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை நாங்கள் கடைக்குப் போய்த் திரும்பியபோது, கீழ்வீட்டுக் காகிமாவின் வரவேற்பறையில் ஒருவர் டீ குடித்துக்கொண்டிருந்தார். காகிமா என்றால் வங்காளத்தில் சித்தி; அவருக்கு எழுபது வயதிருக்கும். பெஹாலாவில் எங்கள் பாராவுக்கு, அதாவது எங்கள் தெருவுக்கும் அதைச் சுற்றிய நாலு சந்துக்கும், அவர் சொல்வதுதான் சட்டம். வந்தவர் நிதி நிறுவனத்தின் வசூல் ஆள். அவருக்குக் காகிமா இரண்டு சந்தேஷ் இனிப்பு கொடுத்து, மேல்வீட்டுக்காரர்களைப் போல நாணயமானவர்கள் இந்தப் பக்கத்திலேயே இல்லை என்று அரைமணி நேரமாகச் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறார். பாவம், அந்த ஆள் பையைத் திறக்கவே கூச்சப்பட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

அப்படித்தான் எனக்குத் தெரிந்தது. பல்கலைக்கழகத்துக்கு எதிரில் கணவர் ஒரு ஜெராக்ஸ் கடை வைத்திருந்தார். நன்றாக ஓடுகிறது என்று நம்பி இரண்டு பெரிய மெஷின்களைக் கடனில் வாங்கினார். பிறகு ஊரடங்கு வந்தது. அது போன பிறகு மாணவர்கள் வந்தார்கள், ஆனால் பாடமெல்லாம் அவர்கள் போனுக்குள் இருந்தது. வங்கிக் கடனை அடைக்க நிதி நிறுவனத்தில் வாங்கி, எல்லாம் சேர்ந்து ஆறு லட்சத்துச் சொச்சம். இது போக, முக்குக் கடை மளிகைக்காரரிடம், அண்ணன் என்ற பொருளில் நாங்கள் தாதா என்று கூப்பிடுகிறவரிடம், ஒரு வருஷத்துக் கணக்கு, பதினாலாயிரத்து முந்நூறு. கடையை மூடிவிட்டு அவர் ஒரு கூரியர் ஆபீசில் கணக்கெழுதப் போகிறார் என்பது மட்டும்தான் எனக்குத் தெரிந்திருந்தது. பொழுதுபோகாமல் போகிறார் என்று நினைத்திருந்தேன். என்னைப் போல ஒரு மக்கு உண்டா?

அன்று நான் போட்ட சத்தத்தில் பாரா நாய்கள்கூட எழுந்து வேறு சந்துக்குப் போயின. எனக்குக் கோபம் மூக்கின் நுனியில். வாயில் வந்ததையெல்லாம் சொன்னேன். அவர் வாங்கி வந்த கீரையை ஆய்ந்துகொண்டிருந்தார். பணம் போனதற்கு நான் அவ்வளவு கத்தவில்லை. அந்தப் பட்டாணிக்காகத்தான் கத்தினேன்.

ஆனால் ஒன்றைச் சொல்ல வேண்டும். அன்றைக்கே, அந்தக் கத்தலின் நடுவிலேயே, ஆபீஸ் அலமாரியில் என் கையெழுத்தோடு ஒரு பொய் இருக்கிறது என்று எனக்குத் தோன்றிவிட்டது. மறுநாள் போய்த் திருத்தியிருக்கலாம். போகவில்லை. அடுத்த வாரம், அடுத்த மாதம் என்று ஒன்றரை வருஷம் ஓடிவிட்டது. அவர் பொய் சொன்னபோது எனக்குத் தெரியாது. நான் பொய்யோடு இருந்ததெல்லாம் நன்றாகத் தெரிந்தே. வீட்டில் அவரை வாய்க்கு வாய் பொய்யன் என்று திட்டிக்கொண்டே இப்படி இருந்தேன் என்பதை நினைத்தால் இப்போதும் கூசுகிறது.

பிறகு அந்த வேலை நிஜமாகவே வந்தது. ஆபீசில் கண்ணாடிக் கதவு போட்டு ஓர் உள் அறை கட்டினார்கள். போனை வெளியே பெட்டியில் வைத்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். பாதுகாப்பு அனுமதி கிடைத்தவர்களுக்கு மட்டுமே உள்ளே இடம். மார்ச்சுக்குப் பிறகு வெளியறையில் வேலையே இருக்காது, கிளியரன்ஸ் கிடைக்காதவர்கள் வேறு இடம் பார்த்துக்கொள்ள வேண்டியதுதான் என்று முதலாளி வருத்தத்தோடு சொல்லிவிட்டார். எங்கள் வீட்டில் தவணை கட்டுகிற சம்பளம் என்னுடையது ஒன்றுதான். ஐம்பதை நெருங்குகிற ஒருத்திக்கு இந்த ஊரில் யார் புதிதாகக் குழாய் வரையக் கொடுப்பார்கள்?

புதுப் படிவம் வந்தது. அதே பதினோராவது கேள்வி. பக்கத்து மேஜைப் பெண், "பழசைப் பார்த்து அப்படியே எழுதிடுங்க தீதி, அஞ்சு நிமிஷ வேலை" என்றாள். நான் வீட்டுக்கு எடுத்து வந்தேன்.

கணவர் படிவத்தைப் பார்த்ததும் இந்த முறை மாடிக்குப் போகவில்லை. எதிரே உட்கார்ந்தார்.

"இல்லைன்னே எழுதிடும்மா. ஒரு வார்த்தைதானே. கடன் இருக்குன்னு தெரிஞ்சா உன்னை எப்படி உள்ளே விடுவாங்க?"

"நீங்க சொன்னதும் ஒரு வார்த்தைதான்," என்றேன்.

அவர் முகம் சுண்டிப்போனது. நான் எழுதினேன். வங்கி இவ்வளவு, நிதி நிறுவனம் இவ்வளவு, மளிகைக்கடை இவ்வளவு. தனித்தாளில், போன படிவத்தில் எழுதியது தவறு, பின்னால் தெரிந்தும் திருத்தாமல் விட்டது என் குற்றம் என்று எழுதி ஒட்டினேன். இந்த முறை கையெழுத்து அழகாக வரவில்லை.

மறுநாள் காலை அவர் மீன் வாங்கப் போனார். இரண்டு மணி நேரம் கழித்து ஒரு கட்டுக் கொத்தமல்லியோடு திரும்பினார். மீன் எங்கே என்றேன். நல்லதாக இல்லை என்றார். நான் அப்போதே யோசித்திருக்க வேண்டும்.

இரண்டு வாரம் கழித்து விசாரணை அதிகாரி எங்கள் பாராவுக்கு வந்தார். நான் ஆபீசில் இருந்தேன். மதியம் காகிமா போன் செய்தார், குரலில் அப்படி ஒரு குதூகலம்.

"ஒண்ணும் கவலைப்படாதே மா. நான் எல்லாத்தையும் நல்லவிதமா சொல்லிட்டேன். ஒரு பைசா பாக்கி இல்லை, இவங்கதான் ஊருக்கே கடன் கொடுக்கிறாங்கன்னு சொன்னேன். நீ நல்லா சமைப்பேன்னும் சொல்லியாச்சு."

இங்கே எங்கள் பாராவின் வழக்கத்தைச் சொல்ல வேண்டும். பெண்ணையோ பையனையோ பற்றி விசாரிக்க மாப்பிள்ளை வீட்டார், பெண் வீட்டார் வருவதுண்டு. முதலில் மளிகைக்கடை, பிறகு இஸ்திரிக்காரர், கடைசியில் காகிமா. யார் கேட்டாலும் பாராவின் வாயிலிருந்து நல்லதுதான் வரும். குடிக்கிறவன் காபிகூடக் குடிக்காதவன் ஆவான். காகிமா இப்படிக் கரையேற்றிய கல்யாணங்கள் பல. வெளியாள் வந்து வீட்டுப் பிள்ளையைப் பற்றிக் கேட்டால் குறை சொல்வது அவர்களுக்குத் துரோகம். அதிகாரியும் ஒரு கோப்போடு வந்து, குணம் எப்படி, பழக்கம் எப்படி என்றுதானே கேட்டார். ஐம்பது வயதில் எனக்கு வரன் வந்ததைப் போல மொத்தப் பாராவும் வரிந்து கட்டிக்கொண்டு நின்றிருக்கிறது.

வெள்ளிக்கிழமை அதிகாரி என்னை ஆபீசிலேயே ஒரு தனி அறைக்குக் கூப்பிட்டார். நரைத்த மீசை, அமைதியான பேச்சு. கோபக்காரராக இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"நீங்க ஆறு லட்சத்துக்கு மேல கடன் இருக்குன்னு எழுதியிருக்கீங்க. உங்க தெருவுல பதினோரு பேரைப் பார்த்தேன். பதினோரு பேரும் ஒரே வாக்கியம் சொன்னாங்க. ஒரு பைசா பாக்கி இல்லை. மளிகைக்கடைக்காரரும்கூட." பேனாவை மூடினார். "ஒரே வாக்கியம்னா யாரோ சொல்லிக் கொடுத்திருக்காங்கன்னு அர்த்தம்."

கொத்தமல்லிக் கட்டு என் கண் முன்னால் வந்து நின்றது.

"மேடம், கடன் இருக்கிறது பெரிய விஷயமில்லை. யாருக்குத்தான் இல்லை? அதைக் கட்டறீங்களான்னு பார்ப்போம், அவ்வளவுதான். மறைக்கிறதுதான் பிரச்சினை. ஒருத்தர் எதையாவது மறைச்சா, அதைத் தெரிஞ்சுகிட்டவன் அவரை எது வேணும்னாலும் செய்ய வைக்கலாம். நீங்க முதல் தடவை மறைச்சீங்க, இப்ப சொல்லிட்டீங்க. அது சரி. ஆனா இந்தப் பதினோரு பேரை என்ன பண்றது? திங்கட்கிழமைக்குள்ள நடந்ததை எழுதிக் கொடுங்க."

இன்னொன்றும் சொன்னார், மீசைக்குள் கொஞ்சம் சிரித்தபடி. "உங்க குரல் கொஞ்சம் பெரிசு, மனசு குழந்தைன்னு கீழ்வீட்டு அம்மா சொன்னாங்க. அதையும் குறிச்சிருக்கேன்."

சனிக்கிழமை காலை என் பெரிய குரலை முழுசாக எடுத்தேன். கணவர் மறுக்கவே இல்லை.

"நீ எழுதினதை மாத்த மாட்டேன்னு தெரிஞ்சுது. வந்து கேக்கறவராவது நாலு நல்ல வார்த்தை கேட்டுட்டுப் போகட்டும்னு நினைச்சேன். வீடு வீடாப் போய்க் கைகூப்பிக் கேட்டேன்." அவர் கண் கலங்கியது. "என்னால உன் வேலை போகக்கூடாதும்மா. அந்தக் குழாயையெல்லாம் நீ எப்படிப் பார்ப்பேன்னு எனக்குத் தெரியும்."

அதற்கு மேல் எனக்குக் கத்த வரவில்லை. இவ்வளவு அன்பை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று தெரியாமல் போய்ச் செருப்பை மாட்டினேன். "வாங்க, மளிகைக்கடைக்குப் போவோம். பொய் சொன்னது தப்புன்னு அவர்கிட்டயாவது சொல்லிட்டு வரலாம்."

கடையில் கூட்டமில்லை. தாதா சர்க்கரை பொட்டலம் கட்டிக்கொண்டிருந்தார். நான் வங்காளத்தில் ஒரே மூச்சாகச் சொன்னேன், உங்கள் நல்ல மனசு தெரியும், ஆனால் அதிகாரியிடம் பொய் சொன்னதால் என் வேலைக்கே ஆபத்தாகிவிட்டது என்று.

அவர் முகம் மாறியது. கோபம் என்று நினைத்தேன். இல்லை, மனம் புண்பட்டுவிட்டது.

"நான் பொய் சொல்லலை பௌதி," என்றார். பௌதி என்றால் அண்ணி.

"பதினாலாயிரத்து முந்நூறு இருக்கே தாதா."

அவர் தராசுக்குக் கீழேயிருந்து சிவப்புத் துணி அட்டை போட்ட கணக்கு நோட்டை எடுத்து, எங்கள் பக்கத்தைத் திறந்து என் பக்கமாகத் திருப்பி வைத்தார். ஒரு வருஷத்து அரிசி, பருப்பு, எண்ணெய் எல்லாவற்றின் மேலும் மூலைக்கு மூலை ஒரு கோடு. அடியில் 'ஷோத்' என்று வங்காளத்தில் எழுதியிருந்தது. தீர்ந்தது என்று அர்த்தம். பக்கத்தில் தேதி. என் கணவர் கொத்தமல்லியோடு திரும்பி வந்த அதே நாள்.

"காலையில லக்ஷ்மிக்கு ஊதுபத்தி காட்டிட்டுத்தான் கடையில உக்கார்றேன். இந்த இடத்துல உக்காந்து பொய் சொல்ல எனக்கு வராது," என்றார். "இவர் வந்து கையைக் கூப்பிக்கிட்டு நின்னார். பாக்கி இல்லைன்னு சொல்லணும்னா பாக்கி இருக்கக்கூடாது. அதனால அடிச்சுட்டேன். பிறகுதான் சொன்னேன்."

என் கணவருக்கும் அது தெரியாது. அவர் அந்தப் பக்கத்தைப் பார்த்தபடியே நின்றார். நான் கடை வாசலில், சர்க்கரை மூட்டைக்குப் பக்கத்தில், வெட்கம் கெட்டு அழுதேன்.

பிறகு நடந்தது ஒரு விசித்திரமான சண்டை. நான் கடனைத் திரும்ப எழுதச் சொன்னேன். அவர் மாட்டேன் என்றார். நான் வற்புறுத்த, "அடிச்ச கோட்டை அழிச்சா அப்ப நான் சொன்னது பொய்யாகிடும் பௌதி, என்னைப் பொய்யனாக்கப் பாக்கறீங்களா?" என்று நிஜமாகவே கோபித்துக்கொண்டார். கடன்காரி கடனைக் கேட்டுக் கெஞ்ச, கொடுத்தவர் விரட்டுகிற கூத்தை எதிர்க்கடையில் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கடைசியில் அவர் எங்கள் கையில் ஒரு பாக்கெட் முரியை, அதாவது அரிசிப் பொரியை, திணித்து அனுப்பினார். அதற்கு மட்டும் ரொக்கம் வாங்கிக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் எழுத உட்கார்ந்தேன். முதல் வரியிலேயே பேனா நின்றுவிட்டது. நடந்ததை எழுதினால் என் கணவரின் பொய் அரசாங்கக் கோப்பில் ஏறும். என்றைக்கும் அங்கேயே இருக்கும். எழுதாவிட்டால் பதினோரு பேருக்கும் சொல்லிக் கொடுத்தது நான் என்றாகும். அவரை எத்தனை தடவை பொய்யன் என்று திட்டியிருப்பேன்? ஆனால் தாளில் எழுதக் கை வரவில்லை.

அவர் வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். "எழுதிக்கோ, நான் சொல்றேன்," என்றார். "என் கணவர் அண்டை வீட்டாரிடம் போய்ப் பொய் சொல்லக் கேட்டுக்கொண்டார். போட்டுட்டியா? எனக்கு இது தெரியாது. போடு. ஏன் கேட்டார்னு வேணும்ல? பயத்தில்னு எழுது. வேற எதுவும் எழுதாதே, அதுதான் உண்மை."

நான் எழுதினேன். பிறகு அவர் என் கையிலிருந்து பேனாவை வாங்கி அடியில் தன் பெயரையும் எழுதிக் கையெழுத்துப் போட்டார். எங்களுக்குக் கல்யாணமாகி இருபத்திரண்டு வருஷம். அவர் தானாகப் பேனாவைக் கேட்டு வாங்கியது அன்றுதான்.

திங்கட்கிழமை அவரும் கூட வந்தார். அதிகாரி எங்கள் தாளை இரண்டு முறை படித்தார். "இவங்ககிட்ட நீங்களே எல்லாத்தையும் சொல்லியிருந்தா இவ்வளவு சுத்தியிருக்க வேண்டாமே?" என்று கணவரைக் கேட்டார்.

"சார், இவகிட்டச் சொல்லத்தான் பயம். சொன்னதுக்கப்புறம் உங்ககிட்டச் சொல்றது ஒண்ணுமே இல்லை," என்றார் அவர்.

அதிகாரி சிரிப்பை அடக்க மீசையைத் தடவினார். மளிகைக்கடைப் பகுதிக்கு வந்ததும் நிறுத்தி, இந்த ஒருவர் சொன்னது அப்போ உண்மைதானா என்று கேட்டார். உண்மைதான் சார், நான் எழுதியதும் உண்மைதான் என்றேன். அவர் வெகுநேரம் எதுவோ எழுதினார். அன்று மாலையே மளிகைக்கடைக்குப் போய் நோட்டைப் பார்த்ததாகப் பிறகு தாதா சொன்னார்.

உடனே எதுவும் வரவில்லை. மார்ச் வரை வெளியறையில் ஒரு சரக்குப் படகின் குழாய்களை வரைந்துகொண்டு, கண்ணாடிக் கதவைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வெளியறையில் கடைசியாக மூன்று பேர் மிஞ்சினோம். மார்ச் கடைசி வாரம் உள் அறைக்கான என் அனுமதி அட்டை வந்தது. ஒரு நிபந்தனை. கடன் முழுவதும் தீரும்வரை ஆறு மாதத்துக்கு ஒரு முறை எவ்வளவு கட்டினோம், எவ்வளவு பாக்கி என்று எழுதிக் கொடுக்க வேண்டும். முதல் நாள் போனைப் பெட்டியில் போட்டுவிட்டு உள்ளே போனபோது கால் தரையில் பாவவில்லை. உள்ளே இருந்ததும் கழிவுநீர்க் குழாய்தான்.

அந்த ஆறு மாதப் படிவத்தை நிரப்புவது இப்போது நானில்லை. வங்கித் தாளையும் ரசீதையும் பரப்பிக்கொண்டு அவரே எழுதுகிறார். கையெழுத்து சகிக்காது, அதிகாரிதான் பாவம். போன வாரம் வந்ததையும் அவர்தான் எழுதினார். வங்கிக் கடனில் நாலு தவணை மிச்சம், நிதி நிறுவனம் முடிந்துவிட்டது. நான் சமையல்மேடையில் பட்டாணி உரித்துக்கொண்டே அவர் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தேன். தாதா இன்றுவரை அந்தப் பணத்தைத் தொடவில்லை. எப்போது நீட்டினாலும் நோட்டைத் திறந்து கோட்டைக் காட்டுகிறார். அந்தக் கடனை உலகத்தில் ஒருவரும் எங்களிடம் கேட்கப் போவதில்லை.

என் கணவர் எழுதியிருந்த முதல் வரி: மளிகைக்கடை, பதினாலாயிரத்து முந்நூறு.